ஐந்தாவது பிடி

அக்கா துப்புவதை முதன்முதலாகப் பார்த்த அன்று, இந்த வேலை நமக்குச் சரிப்படாது, ஓடிவிடலாம் என்று நினைத்தேன். கரண்டியில் எடுத்த தேநீரை உர்ரென்று ஓர் உறிஞ்சு உறிஞ்சுவார். அந்தச் சத்தம் மாடி முழுக்கக் கேட்கும். வாய்க்குள் இரண்டு சுற்று சுற்றுவார். பிறகு மூன்றடி தள்ளி நிற்கும் தகரத் தொட்டிக்குள், கயிறு இழுத்துக் கட்டிய மாதிரி நேராக, ஒரு துளி வெளியே சிந்தாமல் துப்புவார். யாரோ ஒருவருடைய முகத்தில் துப்புவது போலத்தான் இருக்கும். அப்படித்தான் துப்பிக்கொண்டிருந்தார் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

கல்கத்தாவில், கிடர்பூர் துறைமுகத்தை ஒட்டிய ஒரு தேயிலைக் கிட்டங்கி அது. சிலோனிலிருந்து மூட்டை மூட்டையாகத் தேயிலை வரும். கலந்து, பெட்டியில் அடைத்து, மறுபடி வேறு தேசத்துக்குக் கப்பல் ஏற்றுவார்கள். எந்தத் தோட்டத்துத் தேயிலையை வாங்குவது, எதோடு எதைக் கலப்பது என்பதையெல்லாம் அக்காவின் நாக்குதான் முடிவு செய்யும். மேல்மாடியில் வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல் வைத்த அறை அவருடையது. வெயில் நேரே விழக் கூடாது, வெளிச்சம் மட்டும் வர வேண்டும். இல்லாவிட்டால் தேநீரின் நிறம் ஏமாற்றிவிடும்.

எனக்கு அங்கே கெட்டில் வேலை. தண்ணீர் கொதித்ததும் ஊற்ற வேண்டும். ஒரு தடவை கொதித்து ஆறிய தண்ணீரை மறுபடி கொதிக்க வைக்கக் கூடாது. வைத்தால் ஒரே உறிஞ்சில் கண்டுபிடித்துவிடுவார். நான் எட்டாம் வகுப்பில் பாதியோடு ஊரை விட்டவன். லாரியில் கிளீனராக இருந்தேன், கரக்பூரில் கேண்டீனில் பாத்திரம் தேய்த்தேன், லேக் மார்க்கெட்டில் இட்லிக் கடையில் மாவாட்டினேன். ஓர் இடத்தில் ஒரு வருஷம் தாண்டினால் எனக்கு உள்ளங்கால் அரிக்க ஆரம்பித்துவிடும். இங்கே வந்து சேர்ந்தபோது வயது முப்பத்தைந்து. மூன்று வருஷம் இருந்தேன். அக்காவுக்காகத்தான் இருந்தேன். அது பிரியமா பயமா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல எனக்கு வரவில்லை.

தமிழ் தெரிந்த ஆள்தான் வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டு வாங்கியது அக்காதான். எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"திட்டுறதுக்குத்தான். வங்காளியில திட்டினா எனக்கு வயிறு ரொம்ப மாட்டேங்குது" என்றார்.

அறுபதை ஒட்டிய வயது. குள்ளம். கையில் ஆம்பிளைகள் கட்டும் பெரிய கடிகாரம். வெங்காயம், பூண்டு, வெற்றிலை எதையும் தொடமாட்டார். கார்டன் ரீச் பக்கம் ஒற்றை அறையில் தனியாகக் குடியிருந்தார். அவருடைய பதினோராம் வயதில் சிலோன் மலைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட குடும்பம். இந்தக் கிட்டங்கிக்குத் தேயிலையில் குச்சி பொறுக்கும் வேலைக்கு வந்தவர். பொறுக்கும்போதே முகர்ந்து, இது இன்ன உயரத்து மலை என்று சொல்ல, அப்போது ருசி பார்த்துக்கொண்டிருந்த டேஸ்டர் சிரித்திருக்கிறார். அவர் ஓய்வு பெற்ற அன்றைக்கு அந்தக் கரண்டி இவர் கைக்கு வந்தது.

ஒரே தோட்டத்துத் தேயிலை நான்கு டப்பாவில் வரும். ஒரே செடி, ஒரே நாள் கொழுந்து. சல்லடைதான் அதை நான்காகப் பிரிக்கிறது. முழு இலை ஓ.பி., உடைந்த இலை பி.ஓ.பி., அதிலும் பொடியானது ஃபேனிங்ஸ், கடைசியாக டஸ்ட். எனக்கு நான்கும் ஒரே கறுப்பு. அக்காவுக்கு நான்கும் நான்கு ஆட்கள்.

"ஓ.பி. இருக்கானே, அவன் கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழன். நீட்டமா, வெறப்பா, பார்க்க ஜோரா நிப்பான். ஒரு வேலைக்கும் ஆகமாட்டான். பி.ஓ.பி.தான் குடும்பஸ்தன். மணம், நெறம், காரம் எல்லாத்தையும் அளந்து குடுப்பான். ஃபேனிங்ஸ் அவன் தம்பி, அவசரக்காரன்."

"டஸ்ட்?"

"அது நம்ம சனம். சுடுதண்ணி பட்ட ஒடனே இருக்கிறதையெல்லாம் குடுத்திட்டுச் செத்துப்போகும்."

அக்காவுக்கு மறதி கிடையாது. நாக்குக்கும் கிடையாது, மனசுக்கும் கிடையாது. யார் என்ன செய்தாலும் அது உள்ளே போய் ஒரு டப்பாவில் உட்கார்ந்து கொள்ளும், மூடி போட்டு, பேர் எழுதி.

லேக் மார்க்கெட்டில் நம்மூர்க்காரர் ஒருவர் மளிகைக் கடையில் 'சிலோன் ஸ்பெஷல்' என்று போர்டு வைத்துத் தேயிலை விற்றார். அக்கா வாங்கிப் பார்த்தார். அசாம் தூள். மறுநாள் போய்ச் சொன்னதற்கு அவர், "மாமி, டீயில என்ன சிலோன், சில்லறை... நாக்கைக் கழுவிட்டு வாங்கோ" என்று சிரித்திருக்கிறார். அடுத்த சனிக்கிழமையிலிருந்து அக்கா அந்தக் கடை வாசலில் நின்றார். சத்தம் போடவில்லை. வருகிற ஒவ்வொருவரிடமும் தமிழிலோ வங்காளியிலோ, "உள்ள இருக்கறது சிலோன் இல்லங்க. மத்ததெல்லாம் நல்ல சாமான், வாங்குங்க" என்பார். ஐந்தாவது சனிக்கிழமை போர்டு இறங்கியது. அதன் பிறகும் இரண்டு வாரம் போய் நின்றார்.

"அதான் எடுத்திட்டாரே அக்கா?"

"போர்டைத்தான எடுத்தான். சிரிச்ச சிரிப்ப எடுக்கலையே."

ஒரு பஸ் கண்டக்டர் எப்போதோ அவரைத் தோளில் கை வைத்துத் தள்ளியிருக்கிறான். அவன் இருக்கும் பஸ் வந்தால் ஏறமாட்டார். மழையில் நனைந்துகொண்டு அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். ஏறினால் அவனை மன்னித்ததாகிவிடுமாம்.

என்னையும் அவர் விட்டு வைக்கவில்லை. வந்த புதிதில், ருசி பார்க்கும் கிண்ணங்களைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். கேண்டீன் பழக்கம். அக்கா முதல் உறிஞ்சிலேயே கரண்டியைக் கீழே வைத்தார். "சோப்பு" என்றார். அதற்குப் பிறகு மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. தட்டு தூக்கும் நிமாய்தாவைக் கூப்பிட்டு, "தண்ணி ஊத்தச் சொல்லு" என்று வங்காளியில் சொல்வார். நிமாய்தா இரண்டடி நடந்து என்னிடம் வந்து அதையே வங்காளியில் சொல்வார். எனக்கு முதல் தடவையே புரிந்திருக்கும். ஆனாலும் அவர் சொல்லி முடிக்கிற வரை காத்திருந்துதான் ஊற்ற வேண்டும். "உங்க சண்டையில எனக்குத்தான் கால் வலி" என்று நிமாய்தா புலம்புவார். மூன்று மாதம் கழித்து ஒருநாள், ஒன்றுமே நடக்காதது போல, "டேய், ஜன்னலத் தொற" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்கு நான் கழுவிய கிண்ணங்களை மூன்று தடவை பச்சைத் தண்ணீரில் அலசினேன்.

இவையெல்லாம் சின்ன டப்பாக்கள். பெரிய டப்பா ஒன்று இருந்தது. மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், ரோட்டில் முழங்கால் தண்ணீர் நின்று முதலாளியால் வர முடியாமல் போன அன்றைக்கு, அதைத் திறந்து காட்டினார்.

அவருடைய அம்மாவுக்குத் தோட்டத்துத் தொழிற்சாலையில் சல்லடை வேலை. அம்மா கையால் சலித்துப் பிரித்த நல்ல தேயிலையெல்லாம் லண்டனுக்குப் போகும். வேலைக்காரர்களுக்குக் கிடைப்பது தரையில் கூட்டி அள்ளிய தூள். அப்பா காய்ச்சலில் கிடந்தார். ஒரே ஒரு வாய், தொரை குடிக்கிற தேத்தண்ணி வேண்டும் என்றார். அம்மா ஒரு பிடி பி.ஓ.பி.யை மடியில் செருகிக்கொண்டு வந்தாள். வாசலில் பிடித்துவிட்டார்கள்.

"மறுநாள் காலையில பெரட்டுக் களத்துல, வேலைக்குப் பேர் குடுக்க எல்லாரும் வந்து நிக்கிறாங்க. டீமேக்கர் வந்தான். தொழிற்சாலைக்கே அவன்தான் பெரிய ஆளு. தமிழ் ஆளுதான், வெள்ளைக்காரன் இல்ல. கூட்டின தூளு ஒரு தகரம் நெறய. 'ஒனக்குத் தேயிலதான வேணும், தின்னு'ன்னான். தண்ணியில்லாம. 'துப்பக் கூடாது, முழுங்கணும்'னான். என்னயப் பார்த்தான். 'நீ ஸ்கூலுக்குப் போற புள்ளதான? எண்ணு'ன்னான்."

நான் கெட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எண்ணினேன். ஏழு பிடி. நல்லாச் சத்தமா எண்ணினேன்டா. வாத்தியாரு கேட்டா எண்ணுவோமே, அப்பிடி."

அம்மாவின் சேலை மடிப்பில் மிஞ்சியிருந்த நாலைந்து இலைத் துணுக்கை அன்று சாயங்காலம் வெந்நீரில் போட்டு அப்பாவுக்குக் கொடுத்தார்கள். கிண்ணத்தின் அடியில் மிஞ்சிய ஒரு மடக்கை அக்கா குடித்தார். அவர் நாக்கில் முதலில் எழுதப்பட்ட பேர் அதுதான். அடுத்த வருஷமே கப்பல். மண்டபம் கேம்ப். பிறகு கிடர்பூரில் துறைமுகக் கூலியாக இருந்த மாமா வீடு. சாகும்வரை அம்மா தேநீரை வாயில் வைக்கவில்லை.

"அந்தத் தோட்டத்துச் சரக்கு ஒருநா இங்க வரும். அதுக்காகத்தான் இந்தக் கரண்டியப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்" என்றார்.

"வந்தா?"

"வரட்டும்."

அடுத்த வருஷம் வந்தது.

முதலாளி புதிதாக ஒரு ஏற்றுமதி ஆர்டர் பிடித்திருந்தார். உயர்ந்த மலைத் தேயிலையாக, ஒரே தோட்டத்தில் வருஷம் முழுக்க வாங்க வேண்டும். ஆறு தோட்டங்களின் பி.ஓ.பி. வரிசையில் வைக்கப்பட்டது. எந்த டப்பா எந்தத் தோட்டம் என்பது அடியில் எழுதியிருக்கும். முதலாளி தன் கையாலேயே டப்பாக்களை மாற்றி மாற்றி வைப்பார், யாருக்கும் தெரியாதபடி. அக்காவின் வாயிலிருந்து பொய் வந்ததே கிடையாது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் அதுதான் முறை. அன்று கொழும்பிலிருந்து வந்த ஏஜெண்ட் ஒருவரும் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். நல்ல இஸ்திரி போட்ட சட்டை, மரியாதையான பேச்சு.

ஐந்து நிமிஷ மணல் கடிகாரம் தீர்ந்தது. நான் கிண்ணங்களில் வடித்தேன். அக்கா முதலாவதை உறிஞ்சினார், துப்பினார். இரண்டாவது. துப்பினார். மூன்றாவது. உறிஞ்சினார். தொட்டியைத் தள்ளிக்கொண்டு வந்த நிமாய்தா அப்படியே நின்றார். அக்கா துப்பவில்லை. தொண்டை ஏறி இறங்கியது. வேலை நேரத்தில் அவர் விழுங்கி நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

"கி ஹோலோ, தீதி?" என்றார் நிமாய்தா, பயந்துபோய். என்ன ஆச்சு அக்கா என்று அர்த்தம்.

அக்கா மிச்ச மூன்றையும் முறைப்படி பார்த்துத் துப்பி முடித்தார். பிறகு மூன்றாவது டப்பாவைக் கையில் எடுத்து ஏஜெண்டிடம் கேட்டார். "இது உங்களுதா?"

அவர் அடியைத் திருப்பிப் பார்த்து மகிழ்ந்து போனார். "ஓமோம் மேடம்! நான் பிறந்து வளர்ந்த தோட்டம். அப்பா அங்கதான் டீமேக்கர், இருபத்திரெண்டு வருசம். கப்பல்ல ஆக்கள் போன காலத்திலயும் அவர்தான் இருந்தவர்."

"இருக்காரா?"

"இல்ல, தவறிட்டார்."

அக்கா தலையாட்டினார். ஜன்னலோரம் ஏஜெண்ட் கொண்டுவந்த பெட்டி இருந்தது. அதில் அதே தோட்டத்தின் நாலு வகையும் இருந்தன. டஸ்ட் டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து அவர் முன்னால் வைத்தார்.

"எங்க ரூமுல ஒரு வழக்கம் இருக்கு. விக்க வந்தவர் மொதல்ல தன் சரக்க வெறும் வாயில மென்னு காட்டணும். அப்புறம்தான் நான் முடிவு சொல்லுவேன்."

அப்படி ஒரு வழக்கம் கிடையாது. எனக்குத் தெரியும், நிமாய்தாவுக்குத் தெரியும், முதலாளிக்கும் தெரியும். முதலாளி வாயைத் திறந்தார், அக்காவின் முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார். அழைப்பு வந்தது போலச் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

ஏஜெண்ட் சிரித்தார். "கல்கத்தா பழக்கமா? பரவாயில்லை" என்று இரண்டு விரலால் கிள்ளி எடுத்தார்.

"அது இல்ல. ஒரு பிடி. துப்பக் கூடாது, முழுங்கணும்."

பிறகு என்னைப் பார்த்தார். "எண்ணு" என்றார்.

எண்ணினேன். ஒன்று. ஏஜெண்ட் மென்றார், சிரமப்பட்டு விழுங்கினார், நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டினார். இரண்டு. காய்ந்த தூள் தொண்டையில் ஒட்டும். மூன்று. இப்போது அவர் சிரிக்கவில்லை. ஆனால் வருஷம் முழுக்க விற்க வேண்டிய சரக்கு. கையை மறுபடி டப்பாவுக்குள் விட்டார்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. எனக்கும் டப்பாக்கள் உண்டு. விஜயவாடா தாண்டி, கால் முறிந்த என்னை ரோட்டோரம் இறக்கிப் போட்டுவிட்டு வண்டியை எடுக்கச் சொன்ன லாரி முதலாளி. கரக்பூரில் செய்யாத திருட்டுக்கு என்னைச் சட்டையில்லாமல் வெயிலில் நிற்க வைத்த காண்ட்ராக்டர். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு முகத்தை அந்த இஸ்திரி சட்டைக்குள் பொருத்திப் பார்த்தேன். அவர்கள் வாயில் தூள் அடைத்தது. நாலு என்று நான் சொன்னபோது என் குரல் கணீரென்று இருந்தது. அக்காவின் முகத்தில் ஒன்றுமில்லை. உதடு மட்டும் என்னோடு சேர்ந்து அசைந்தது.

நாலாவது பிடியில் அவருக்குப் புரை ஏறியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. வாயோரம் கறுப்பாக வழிந்தது. "தண்ணி... கொஞ்சம்..." என்றார். என் கையில் கெட்டில் இருந்தது.

"தண்ணி குடிச்சா நாக்குக் கெட்டுப்போயிரும்" என்றார் அக்கா. "எண்ணு."

ஏஜெண்ட் என்னைப் பார்த்தார். அது லாரி முதலாளியின் முகமாக இல்லை, காண்ட்ராக்டர் முகமாகவும் இல்லை. யாரோ ஓர் ஆள், வாய் நிறையத் தூளோடு. அவருடைய கை இன்னும் டப்பாவுக்குள் போகவேயில்லை.

"ஆறு" என்றேன்.

கீழே ரோட்டில் ஒரு கைவண்டிக்காரன் வழி கேட்டுக் கத்திக்கொண்டிருந்தான். அக்கா மெதுவாகத் திரும்பினார்.

"அஞ்சு எங்கடா?"

கெட்டிலை மேசையில் வைத்தேன்.

"அஞ்சு எங்க?"

இரண்டாவது தடவை கேட்டபோது அந்தக் குரல் வேறாக இருந்தது. கோபம் இல்லை. பரீட்சையில் எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்ட ஒரு பிள்ளை, பக்கத்துப் பெஞ்சுக்காரனின் விடைத்தாளைப் பார்த்துவிட்ட குரல். கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தார். அறுபது வயதில் முதல் தடவையாக அவருக்கு அது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஓர் எண்ணை விட்டுவிட்டு எண்ண முடியும். பத்து வயதுப் பிள்ளையாலும் முடியும்.

டப்பாவை எடுத்து மூடினார். "போதும்" என்றார். நிமாய்தா காத்திருந்தது போல ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். ஏஜெண்ட் ஒரு செம்பு முழுக்கக் குடித்துவிட்டு, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "கஷ்டமான பழக்கம்தான் மேடம்" என்று சிரிக்க முயன்றார். கடைசிவரை அவருக்கு ஒன்றும் தெரியாது. பழி வாங்கப்பட்டதே தெரியாமல் ஒருவர் நன்றி சொல்லிவிட்டுப் போனதை நான் அன்றுதான் பார்த்தேன்.

முதலாளி உள்ளே வந்து, "தீதி, என்ன முடிவு?" என்றார். எப்படியும் வேண்டாம் என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன். ஒரு பொய் போதும். முப்பது வருஷ நாக்கை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

"மூணாவது. இதுக்கு மேல கெடைக்காது, வாங்கிப் போடுங்க" என்றார் அக்கா. "கொழுந்து கிள்ளின கை நல்ல கை."

அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. மறுபடி நிமாய்தாவின் கால் வலி ஆரம்பித்தது. ஒரு மாதம் இருக்கும். ஒருநாள் நிமாய்தா என் முன்னால் வந்து நின்று, சங்கடமாகத் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார். "தீதி கேக்கறாங்க. அந்த மாதிரி விட்டுட்டு எண்ண உனக்கு எப்படித் தோணிச்சுன்னு."

அக்கா இரண்டடி தூரத்தில் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார்.

"நான் எட்டாவதுகூட முடிக்கல, எனக்குக் கணக்கு வராதுன்னு சொல்லு" என்றேன்.

நிமாய்தா போய்ச் சொன்னார். அக்கா திரும்பவில்லை. கரண்டியை எடுத்தார், உறிஞ்சினார். அந்தத் தோட்டத்துச் சரக்குதான். வாரத்துக்கு இரண்டு தடவை வந்துகொண்டிருந்தது. தொட்டியைப் பார்த்தார். விழுங்கினார்.

நான்கு மாதம் காத்திருந்தேன், "டேய், ஜன்னலத் தொற" என்று ஒரு வார்த்தை வரும் என்று. வரவில்லை. உள்ளங்கால் அரிக்க ஆரம்பித்தது. ஒரு காலையில் கெட்டிலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் ஹவுராவுக்குப் போய் ரயில் ஏறிவிட்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ அடுப்பு. வேலை பார்த்த இடத்திலெல்லாம், நான் கிளம்பிய மறுநாளே வேறு ஆள் நின்றிருப்பான். என் முகம்கூட யாருக்கும் ஞாபகம் இருக்காது. கிடர்பூர் மாடியில் மட்டும் அப்படி இல்லை. அங்கே ஒரு டப்பாவில் மூடி போட்டு என் பேர் எழுதியிருக்கிறது. அக்கா உயிரோடு இருக்கிற வரைக்கும் அதை யாரும் அழிக்க முடியாது.